விரதக் கத்தரிக்காயும் மாட்டுக் கொம்பும்

எண்பதுகளின் பின்பாதியில், சுவிஸின் பீல் நகரத்தில் நாங்கள் நால்வர் ஒரே வீட்டில் இருந்தோம். நான் என்னை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். முழுப் பொய் இல்லை. என் பெரியப்பா தோட்டம் செய்தார். அவருடைய கத்தரிக்காய்களை, அவை கறியான பிறகு, நான் பலமுறை சந்தித்திருக்கிறேன்.

வீட்டில் மூத்தவர் அண்ணை. ஊரில் அவர் மனைவி பிள்ளைத்தாச்சி. சண்டைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் கிடைக்குமா என்றே தெரியாத நேரம். பிள்ளை நல்லபடி பிறந்தால், கடைசி ஆவணி ஞாயிறன்று விரதம் இருந்து வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போடுவதாக நேர்ந்தார். அவ்வளவில் விட்டிருக்கலாம். நான்தான் வாயைத் திறந்தேன்.

“கடையிலை வாங்கின மரக்கறியோ அண்ணை படைக்கிறது? எங்கடை கையாலை விளைஞ்சதைப் படையுங்கோ. நான் இருக்கிறன்தானே.”

அண்ணை அதையும் நேர்த்தியில் சேர்த்துவிட்டார். கடவுளிடம் சொன்னதை இனி மாற்ற முடியாது.

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் சுவிஸ் பெண்மணி தன் தோட்டத்தில் ஒரு பாத்தியை எங்களுக்கு விட்டுத் தந்தார். உரம் வாங்க நான் கடைக்குப் போனேன். ஒரு பையில் எலும்புப் படம். அடுத்ததில் சிவப்புத் துளி. விரதக் காய்க்கு எலும்பும் இரத்தமுமா? ஒதுக்கிவிட்டேன். மூன்றாவது பையில் தக்காளிப் படம்; உள்ளே மண்ணிறச் சீவல், தேங்காய்ச் சிரட்டையைச் சீவியது போல. சுவிஸில் இவ்வளவு தேங்காய் ஏது என்ற கேள்வி மனதில் எட்டிப் பார்த்தது. நான் அதை உள்ளே வரச் சொல்லவில்லை.

“சுத்த சைவம் அண்ணை, சிரட்டைத் தூள்” என்றேன். அண்ணை குளித்து, திருநீறு பூசி, தன் கையாலேயே தூவினார். கத்தரிக் கன்றுகளை நட்டோம்.

ஒரு கிழமை கழித்துத் தபால் பெண்மணி வெறும் பையைப் பார்த்து, “நல்ல உரம்” என்றார். என்ன மரம் என்று கேட்டேன். அவர் இரண்டு விரல்களைத் தலையில் வைத்து, “ம்ம்மூ” என்றார்.

அண்ணைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“டேய், மாட்டுக் கொம்பையோ என்ரை கையாலை போடுவிச்சனி?”

“கொம்பைச் செடிதானே அண்ணை தின்னுது. நாங்கள் செடியைத்தானே தின்னப்போறம்.”

“அப்ப மாடும் புல்லைத்தானே தின்னுது? மாட்டைத் தின்பியோ?”

நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மாட்டிறைச்சித் துண்டுகள் தட்டில் மிஞ்சி வருவதுண்டு. எல்லாமே குப்பைத்தொட்டிக்குப் போனதில்லை. எனவே பேச்சை மாற்றினேன்.

அந்தப் பாத்தி மச்சம், சைவப் படையலுக்கு ஆகாது என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார். பெண்மணி இன்னொரு மூலையைத் தந்தார். புதிதாக ஆறு கன்றுகள் நட்டோம். உரத்துக்கு என்ன செய்வது? உயிருள்ள மாட்டின் குளம்பைச் சீவினால் அந்தச் சீவலும் அதே சத்துத்தான், மாட்டுக்கும் நகம் வெட்டின மாதிரித்தான் என்று பெண்மணி சொல்ல, மலைச்சரிவில் இருந்த ஒரு பண்ணைக்கு அண்ணையும் நானும் சைக்கிள் தள்ளிக்கொண்டு ஏறினோம்.

“முதல்ல மாடு உயிரோடை இருக்கோ எண்டு கேள்” என்றார் அண்ணை. மாடு எங்கள் முன்னால் அசைபோட்டுக்கொண்டு நின்றது. கேட்டேன். பண்ணைக்காரர் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இப்போதைக்கு” என்றார்.

“ஓமாம் அண்ணை.”

ஒரு பை குளம்புச் சீவலோடு வெற்றி வீரர்களாக இறங்கினோம். பெண்மணி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “பண்ணையில் சாணி இல்லையா?” என்று கேட்டார்.

இருந்தது. வீட்டு உயரத்துக்கு இருந்தது. அந்தக் குவியலில்தான் சைக்கிள்களைச் சாய்த்து வைத்திருந்தோம்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். “நீயெல்லோ விவசாயக் குடும்பம்?”

மறுநாள் நானே போய் இரண்டு வாளி சாணியை பஸ்ஸில் கொண்டுவந்தேன். அன்று எனக்கு இருக்கை தாராளமாகக் கிடைத்தது. பிழையைச் சரிசெய்யும் ஆவேசத்தில் இரண்டு வாளியையும் அப்படியே கன்றுகளின் அடியில் கொட்டினேன். பச்சைச் சாணி சுடும், மக்கிய பிறகுதான் போட வேண்டும் என்பது கறியில் தெரிவதில்லை. ஆறில் ஐந்து கன்றுகள் கருகிப்போயின.

ஆடியில் தந்தி வந்தது: பெண் பிள்ளை, தாயும் சேயும் சுகம். அண்ணை வீட்டுக்குள் அழுதுகொண்டு நடந்தார். நான் தோட்டத்துக்கு ஓடினேன். இனித் தப்ப வழியில்லை.

கொம்புப் பாத்தியில் பளபளவென்று கை நீளக் காய்கள் தொங்கின. அவற்றைப் பெண்மணி கூடை கூடையாகக் கொண்டுபோய் சீஸ் போட்டு வேகவைத்தார். சைவ மூலையில் எஞ்சிய ஒற்றைச் செடி, கடைசி ஆவணி ஞாயிறு வரைக்கும் யோசித்து, ஒரு காய் தந்தது. என் பெருவிரல் அளவு.

அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். வீட்டில் இருந்த மற்ற இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அண்ணை காயை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிள்ளையும் சின்னன்தானே” என்றார். “இவ்வளவு காணும்.”

கழுவி, சாமிப் படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மூன்று துண்டாக வெட்டி, ஒரு பெரிய சட்டி நிறையக் குழம்பு வைத்தார். அவருக்கொரு துண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று.

என் தட்டில் காம்பு விழுந்தது.

“தோட்டக்காரனுக்கு” என்றார் அண்ணை.