வாசமில்லாத நாற்பது நிமிடம்

அக்காள் மகள் வாங்கிய புதுக் கைபேசியின் அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் சித்தி கேட்டாள்: "பழசு செத்துப்போச்சாடி?"

"இல்ல சித்தி. ரொம்ப மெதுவா இருந்துச்சு."

"நானுந்தான் மெதுவா இருக்கேன். என்னையும் மாத்திடு." பெட்டியைத் திருப்பினாள். "இந்த இலைப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

"கரண்ட் கம்மியா இழுக்குமாம்."

"வந்தப்புறம் இழுக்கறது சரி. பொறக்கறதுக்கு முன்னாடியே ஃபாக்டரியில குடிச்சதை எங்க எழுதியிருக்கான்?"

அக்காள் மகள் தமிழும் பிழைக்க வந்த ஊரின் மொழியும் படித்தவள். பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினாள்; அப்படி ஒரு வரி எங்கும் இல்லை.

சித்திக்குக் கைபேசிக்கான சில்லு, அதாவது 'சிப்', செய்யும் தொழிற்சாலையின் வாயு அறையில் பதினோரு வருட வேலை. சில்லுகள் உருவாகும் கலங்களைக் கழுவத் தண்ணீர் உதவாது. அதற்கென்று ஒரு வாயு உண்டு. தீர்ந்த உருளையை மாற்றுவதும், மிச்ச வாயு எரிகலத்தில் எரிகிறதா என்று பார்ப்பதும் அவள் பொறுப்பு. எரியாமல் வெளியேறினால் அது கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு பூமியைச் சூடாக்கும். நிறமில்லை, வாசமில்லை. மூக்கில் ஏறாததால் யாருக்கும் உறுத்துவதுமில்லை.

எரிகலம் அடிக்கடி படுத்துவிடும். அதற்காக உற்பத்தியை நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. பக்கவழி வால்வைத் திறந்து வாயுவைக் கூரைக்கு அனுப்பிவிட்டு, அன்றாடப் பதிவுத் தாளில் 'எரிந்தது' என்று குறிப்பார்கள். சித்தியும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தவள்தான்.

அந்த இலைப் படம் கண்ணிலேயே நின்றதோ என்னவோ, மறுநாள் 'நாற்பது நிமிடம் எரியவில்லை' என்று எழுதிவிட்டாள். மேற்பார்வையாளர் தாளோடு வந்தார்.

"என்னம்மா, வாசமே இல்லாததுக்குச் சாட்சி சொல்றீங்க?"

"வால்வைத் திறந்த கை என்னோடதுங்க சார்."

"வேலையும் உங்களோடதுதான். நாளைக்குள்ள திருத்திக் குடுங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்."

சித்தி தாளைத் திருத்தவில்லை. சாயங்காலம் நேராக அக்காள் வீட்டுக்கு வந்தாள். அரசின் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு அந்த ஊர் மொழியில் ஒரு கடிதம் வேண்டும் என்றாள். அக்காள் மகள் பார்த்துப் பார்த்து எழுதி, தமிழில் சொல்லிக் காட்டினாள்: "எங்கள் பிரிவில் சில சமயம் வால்வு திறக்கப்படுகிறது."

"யாரு திறக்கறா? பேயா?"

"பேரைப் போட்டா வேலை போயிடும் சித்தி."

சித்தி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"போனாலும் போகுது. நான்தான் திறந்தேன்னு முதல் வரியிலயே போடு, கண்ணு. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ எழுது."