கல்பாசியில் கண்ட கரும்புள்ளி

எழுபதுகளில், ஏலத்தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில், மரத்தில் படர்ந்த கல்பாசியை உரித்து, போடி ஊர்க் கடைவீதியில் ஒரு மசாலாக் கடைக்கு விற்பேன். குழம்பு வாசனைக்குப் போடுகிறோமே, அதுதான். என் சரக்கைக் குறை சொன்னவர் கிடையாது.

ஒருநாள் கடை முதலாளி எல்லார் முன்னாலும் அதை முறத்தில் கொட்டினார். “என்னாத்தா, மொளகுத்தூளு தூவுன மாதிரி இருக்கு? பூசணம் பிடிச்ச சரக்கு. இனிமே இங்கன வராத.”

“ஈரமே படல மொதலாளி, நேத்து உரிச்சது!”

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

மசாலா வாங்க வந்திருந்த ஒரு அம்மா, சென்னைக் கல்லூரியில் தாவரப் பாடம் நடத்துகிறவராம், சின்னப் பூதக்கண்ணாடியைக் கரும்புள்ளி மேல் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“இதுவும் பூசணந்தான். ஆனா ஈரத்துல கெட்டு வந்ததில்ல. கல்பாசி மரத்துல உயிரோட இருக்கும்போதே அது மேல குடியிருக்குது. இதைத்தான் மலை மலையா தேடுறேன்.”

“அப்ப ஆத்தா மேல தப்பில்லேங்கிறீகளா?” என்றார் முதலாளி.

“ஒரு தப்பும் இல்ல.”

அந்த அம்மா காகித உறை மடித்து ஒரு துண்டை உள்ளே வைத்தார். “உங்க பேர் சொல்லுங்கம்மா. எடுத்தவங்க பேரை உறை மேல எழுதணும். எங்க காலேஜ் பீரோவுல பத்திரமா இருக்கும்.”

“எங்கப்பா பேரோட மொத எழுத்தையும் முன்னால சேத்துப் போடுங்க” என்றேன்.

முதலாளி முறத்திலிருந்து புள்ளியில்லாத சரக்கைப் பொறுக்கித் தராசில் வைத்தார்.

அதுவரை புள்ளி விழுந்ததைக் கண்டால் தூர எறிவேன்; அன்று கண்ணில் படாமல் சரக்கோடு வந்துவிட்டது. பிறகு மலையில் எங்கே பார்த்தாலும் நின்று, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கத் தொடங்கினேன். நான் வேண்டாமென்று எறிவதையும் ஒருவர் தேடி வரக்கூடும்.