தழை இல்லாத பக்கம்

முருங்கைத் தழையை நிழலில் காயவைத்து இடித்து, தீவனத்தில் கலந்து கோழிக்குப் போடுவது என் வேலை. கொண்டை வெளுத்துத் தூங்கி விழும் கோழிகூட அதைத் தின்றால் சில வாரத்தில் கொண்டை சிவந்து சண்டைக்கு நிற்கும். இதை வெளியில் யாரிடமும் நான் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

என் மகன்தான் கால்நடைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணிடம் சொன்னான். அவள் அரக்கோணத்திலிருந்து வந்து, கொட்டகையின் நடுவில் வலை கட்டிக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் 'தழை உண்டு' என்று அட்டை. மறுபக்கம் 'தழை இல்லை'. எதற்கு என்பதை மகனிடம் மட்டும் விளக்கினாள். தீனி போடுகிற நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"ஆயா, இந்தப் பக்கம் மறந்தும் தழை போட்டுடாதீங்க." எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

ஐந்தாவது வரை படித்தவள் நான். அந்த அட்டையைத் தினமும் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. என் கொட்டகைக் குஞ்சுக்கு இல்லை என்று எழுத இவள் யார்? மூன்றாம் நாளே அந்தப் பக்கமும் ஒரு கை அள்ளிப் போட்டேன். பிறகு தினமும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, இறக்கையைத் தூக்கி அடியில் ஓடும் நரம்பில் ஊசி குத்தி, இரண்டு பக்கத்துக் கோழியிலும் இரத்தம் எடுத்துப் போனாள். முருகன் கோயில் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள் முகம் வாடி வந்தாள்.

"ரெண்டு பக்கமும் ரத்தம் ஒரே மாதிரிதாண்ணா இருக்குது. தழையால ஒண்ணும் ஆவலன்னுதான் எழுதணும்."

மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இத்தினி வருசமா சும்மாவே இடிச்சிகினு இருந்திருக்க, போ."

நான் குறுக்கே புகுந்தேன்.

"அப்படி எழுதாத. ரெண்டு பக்கமும் நான்தான் போட்டேன்."

அவள் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "என் ரெண்டு மாச வேலையே வீணாப் போச்சே ஆயா."

"அறிவு இருக்காம்மா உனக்கு?" என்றான் மகன்.

"எதுக்குன்னு எங்கிட்ட யாராவது சொன்னீங்களா? நீயா தீனி போடற?"

அவள்தான் சொன்னாள். "தழை தின்னாத கோழியோட ரத்தத்த வச்சிப் பாத்தாதான், தின்னதுக்கு எவ்ளோ ஏறிச்சின்னு தெரியும் ஆயா."

இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இப்போது புதுக் குஞ்சுகள் வந்திருக்கின்றன. அதே வலை, அதே அட்டை. இந்த முறை அவள் நேராக என்னிடம் வந்தாள். என் கோபம் தீரவில்லை. தழைத்தூள் மூட்டையை அவள் பக்கம் தள்ளினேன்.

"என் மவன்கிட்டக் குடு. இந்த தடவை அவனே தீனி போடட்டும். எங்கிட்ட இருந்தா அந்தப் பக்கத்துக் குஞ்சுங்களுக்கும் போட்டுடுவேன்."