பக்காவ் காட்டில் கேட்ட கூவல்

போன மாதம் எங்கள் மலையேறிக் குழு கடலோரக் காட்டுக்குப் போனது. மலையேறுபவர்களுக்குக் கடலோரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். யோசனை சொன்னவளே நான்தான். ஒரு வாரம் சும்மா இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கோலா செப்பெத்தாங்கில் பக்காவ் என்கிற அலையாத்தி மரங்களுக்கு நடுவே போகும் பலகைப் பாலத்தில் ஏறுவதற்கு முன், வழிகாட்டித் தம்பி ஆளுக்கொரு மஞ்சள் விசிலைக் கொடுத்தான். "வழி தப்புனா ஊதுங்க லா, வந்துடுவேன்." எல்லா விசிலும் ஒரே சத்தம். தொலைந்தது யாரென்று எப்படித் தெரியும்? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. சேறு, உப்பு, அழுகிய இலை, எங்கோ கரிச்சூளைப் புகை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இதே இடத்துக்குப் பதினொரு வயதில் ஒருமுறை வந்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல முதலில் பனியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலையில், ரிங்லெட் ஊருக்கும் மேலே. பனி இறங்கினால் கொழுந்து கிள்ளும் விரல் தெரியும், பக்கத்து நிரையில் இருப்பவர் தெரியமாட்டார். சரிவில் கால் தவறினால் கீழே ஓடை. அதனால் பனி மூடியதும் ஒவ்வொருவராகக் கூவுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரைச் சொன்னால் காட்டில் இருக்கிற வேறு எதுவோ அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுமாம். ஆளுக்கென்று ஒரு கூவல். நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒருவருடையதை இன்னொருவர் கூவ மாட்டார்கள். செத்தவருடையது அவரோடு போய்விடும். அம்மாவின் கூவல் நீளமாக மேலே ஏறும். மருந்தடிக்கும் வேலையிலிருந்த அப்பாவுடையது இரண்டு குட்டை, ஒரு நெட்டை; நெட்டையின் முடிவில் கீல் தேய்ந்த கதவு மாதிரி ஒரு கிறீச். பள்ளி விடுமுறையில் கூடப் போகிற எனக்கும் ஒன்று இருந்தது. விக்கல் எடுத்த குருவி என்பாள் கமலா அத்தை, அப்பாவின் அக்கா.

அப்பா நெஞ்சுவலியில் போன பிறகு அம்மா கூவுவதை நிறுத்திவிட்டாள். பனிக்குள் எல்லாக் கூவலும் வரிசையாக வரும், அவள் முறை வரும்போது மட்டும் ஒரு பள்ளம் விழும். அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேடிப் போவாள். அம்மா பக்கத்திலேயே நின்று கிள்ளிக்கொண்டிருப்பாள்.

"வாயில என்னடி, கொழுக்கட்டையா? ஒரு சத்தம் குடுத்தா கொறஞ்சிடுவியா?"

"நான் இருக்கறது யாருக்குத் தெரியணும் அண்ணி?"

நான் செடிக்குப் பின்னால் இருந்து கேட்டேன். அன்றிலிருந்து பனி இறங்கினால் அவள் முறை வரும்வரை கிள்ளாமல் காது கொடுத்து நிற்பேன்.

அந்த வருடம் கோயில் திருவிழா முடிந்ததும் தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்துக் கடல் பார்க்கக் கிளம்பினார்கள். வரமாட்டேன் என்ற அம்மாவை அத்தை கையைப் பிடித்து ஏற்றினாள். வெளியூர் என்றால் ஸ்வெட்டர் போட்டாக வேண்டும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சட்டம். மலையடியில் தாப்பாவுக்கு இறங்கியதுமே பஸ் முழுக்க அவிய ஆரம்பித்தது.

"கழட்டித் தொலைங்கடி, இட்லியாயிடுவீங்க" என்றாள் அத்தை.

"புதுசுக்கா, கடல் ஒரு தடவ பாத்துக்கட்டும் லா" என்றது பின்சீட்டு.

அம்மாகூடக் கொஞ்சம் சிரித்ததாக எனக்கு ஞாபகம். நானே சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பக்காவ் வேர்களுக்கு இடையில் சேற்றில் நடக்கிற மீனைப் பார்த்து நாங்கள் கெக்கலித்துக்கொண்டிருந்தபோது அம்மா இல்லை. பலகை முடிகிற இடத்தில் அவள் சிலிப்பர் இரண்டும் ஜோடியாக இருந்தன, கோயிலுக்குள் போனவள் கழற்றி வைத்த மாதிரி. காவலுக்கு இருந்த மலாய்ப் பெரியவர் ஓடிவந்து "ஆயர் நாயெக், ஆயர் நாயெக்" என்றார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வேர்கள் ஒவ்வொன்றாக முழுகின.

பெயர் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அத்தை கூவினாள். பிறகு மற்றவர்கள், மலையில் போலவே வரிசையாக. நானும் விக்கல் எடுத்தேன், யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. அவர்கள் எல்லோரும் அவள் தொலைந்துவிட்டாள் என்று பயந்தார்கள். எனக்கு வேறு பயம். அவளுக்குக் கேட்கிறது. பதில் சொல்லத்தான் மனமில்லை.

அப்போது வேர்களுக்கு அப்பால் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. முடிவில் அந்தக் கிறீச்.

அத்தையின் நகம் என் தோளில் பதிந்தது. அடுத்த மூச்சிலேயே அம்மாவின் கூவல், நீளமாக, ஏறி ஏறி வந்தது.

இடுப்புவரை சேறும் தண்ணீருமாக வந்தவளைத் தூக்கிப் பலகையில் உட்காரவைத்தார்கள். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "யாரு கூவுனது? வெளையாட்டா இது?" எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"அவருதான் அண்ணி" என்றாள் அம்மா, பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில். "அந்தப் பக்கம்தான் போயிட்டிருந்தேன். இந்தப் பக்கம் கூவுனாரு. வந்துட்டேன்."

பிறகு ஆற்றோரக் கடையில் இறால் போட்ட மீ ஊடாங் நூடுல்ஸ் சாப்பிட்டோம். இறால் தலையை உறிஞ்சி உறிஞ்சி அம்மா இரண்டு தட்டு தின்றாள், பல மாதங்களுக்குப் பிறகு. "மெதுவா தின்னு, யாரும் புடுங்கமாட்டாங்க" என்ற அத்தையின் தட்டில் மீ ஆறிப்போய்க் கிடந்தது. மறுவாரம் பனி இறங்கியபோது பள்ளம் இல்லை. அம்மாவின் முறையில் அம்மா கூவினாள்.

நான் படித்தவள், சும்மா விடுவேனா. பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அந்தக் காட்டுப் பறவைகளின் குரல் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டேன். மீன்கொத்தி, கொக்கு, மரங்கொத்தி. படகு எஞ்சினையும் விடவில்லை. குட்டை கிடைத்தது, நெட்டைகூடக் கிடைத்தது. கிறீச் கிடைக்கவில்லை.

போன மாதம் குழுவை முன்னால் விட்டுவிட்டு, பலகை முடியும் இடத்தில் நின்று என் கூவலைக் கூவிப் பார்த்தேன். வழிகாட்டித் தம்பி பதறி ஓடிவந்து, "அக்கா, விசில் இருக்குல்ல?" என்றான். வேறு குரல் எதுவும் வரவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்தேன். அவள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். அக்கம்பக்க வீடுகள் காலி, கதவுகூட இல்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். சரிவில் இப்போது கொழுந்து வெட்டுகிறவர்கள் இயந்திரச் சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பனி வந்தால் போனைத் தட்டிக்கொள்கிறார்கள்.

"அங்க நின்னு கூவுனேம்மா. பதிலே இல்ல."

"அங்க எப்படி இருப்பாரு? அன்னிக்கே நம்மகூட பஸ் ஏறிட்டாரே லா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அம்மா ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"பனி எறங்கிடுச்சி, அப்புறம் பேசு. முந்தி அத்தன பேரு கூவுவாங்க, அவரு சத்தம் அதுல அமுங்கிப்போவும். இப்ப யாரு இருக்கா. நல்லாக் கேக்குது."