ஐந்தாவது துப்பாக்கியில் ஒரு கட்டைவிரல்

"குதிரைக்காரன் கை ஈரம்தான் காரணம்" என்று தலைமை வேட்டைக்காரர் ஃபின்லே சொன்ன ஒரு பேச்சை, குதிரைக்காரன் டூகல் இருபத்திரண்டு வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் மறந்திருப்பான். அந்த ஸ்காட்லாந்து எஸ்டேட்டின் துரை, துரையின் விருந்தாளிகள் நாலு பேர், சமையல்காரி, வேட்டை நாய்கள் என்று முற்றம் நிறைய ஆள் நிற்கும்போது சொன்ன பேச்சு அது. துரையின் அப்பா லண்டனில் சொல்லிச் செய்த மான்வேட்டைத் துப்பாக்கி. அதன் குழாயில், கருநீலப் பூச்சின் மேல், செம்பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை துருப்பிடித்திருந்தது. சேணத்திலிருந்து இறக்கும்போது இவன் வேர்வைக் கையால் தொட்டிருப்பான் என்றார் ஃபின்லே. தலைமை வேட்டைக்காரர் சொன்னால் துரைக்கு வேதம். அடுத்த வருஷம் உதவி வேட்டைக்காரன் ஆகியிருக்க வேண்டிய டூகல் அதோடு நின்றான். செத்த மானை மலையிலிருந்து இறக்கும் மட்டக்குதிரைகளுக்குப் பின்னாலேயே அவன் தலை நரைத்தது.

அன்று முதல் துப்பாக்கி அறை வாசற்படியைத் தாண்டி அவனை விட்டதில்லை. மலையிலிருந்து வந்ததும் துப்பாக்கிகளை உறையோடு படியில் நின்று நீட்டுவான். ஃபின்லே உள்ளே நின்று வாங்கிக்கொள்வார். நன்றியும் கிடையாது, ஏச்சும் கிடையாது.

ஃபின்லேயைக் கெட்டவர் என்று அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். நல்லவர் என்றும் சொன்னதில்லை. பதினாறு வயதில் ஸ்கை தீவிலிருந்து படகேறி வந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி ஊனா போய்ச் சேர்ந்தாள். மகன் கனடாவில். புத்தாண்டுக்கு ஒரு கடிதம் வரும், அதைத் தபால்காரன்தான் படித்துக் காட்டுவான். உப்பு ஹெர்ரிங் மீனும் அவித்த உருளைக்கிழங்கும் ஒரே சட்டியில் வைத்துத் தின்றுவிட்டுச் சட்டியையும் அவரே கழுவுவார். அவர் பேசியது முக்கால்வாசி அந்தத் துப்பாக்கி இரும்போடுதான்.

அந்த ஸ்காட்டிஷ் மலையில் வருஷத்தில் பாதி நாள் மழை. மீதி நாளில் கடற்கழியிலிருந்து உப்புக்காற்று. நனைந்து வந்த துப்பாக்கியைக் கணப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, குளிர்ந்த இரும்பு சூடுகண்டால் உள்ளுக்குள்ளேயே வேர்க்கும். பூட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்து கோலில் துணி செலுத்த வேண்டும், துணி உலர்ந்து வரும்வரை. அப்புறம் எண்ணெய்த் துணி. அதற்குமேல் இரும்பில் விரல் படக் கூடாது. உறையை உள்வெளியாகத் திருப்பி வேறு அறையில் காயப்போட வேண்டும். துப்பாக்கியை வாய் கீழே பார்க்க நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் இறங்கி அக்ரூட் மரப் பிடியை ஊறவைத்துவிடும். காலையில் குழாயை மறுபடி வெறுந்துணியால் துடைக்காமல் அனுப்பினால் முதல் குண்டு தப்பும், மான் குறை உயிரோடு ஓடும். இதையெல்லாம் டூகல் படியில் நின்று பார்த்தே தெரிந்துகொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை.

முழங்கால் போன பிறகு ஃபின்லே மலைக்கு ஏறுவதை விட்டார். துப்பாக்கி அறை மட்டும் அவர் பொறுப்பு. அறையை ஒட்டின இரண்டறை வீடு அந்த வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, மூன்று நாளாக விடாத மழை. டூகல் வழக்கம்போலப் படியில் நின்று உறையை நீட்டினான். உள்ளேயிருந்து கை வரவில்லை.

"டூகல். உள்ள வா."

"கை ஈரமா இருக்கு, பெரியவரே."

"துடைச்சிக்கிட்டு வா."

"இருபத்திரண்டு வருஷமா துடைச்சிக்கிட்டுதான் நிக்கிறேன்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபின்லே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்போதுதான் அவர் கண்ணில் பால் படர்ந்திருப்பதை டூகல் கவனித்தான்.

"வெளிச்சம் தெரியுது, துரு தெரியல. தடவிப் பாக்கலாம்னா விரலும் மரத்துப் போச்சு. வெள்ளிக்கிழமை புது மேனேஜர் துப்பாக்கியெல்லாம் பாக்க வர்றான். ஒரு பொட்டு கண்டான்னா வீட்டைக் காலி பண்ணும்பான். இன்வர்னெஸ் முதியோர் விடுதியில கிழடுங்களோட வரிசையாப் படுக்க வைப்பாங்க."

"மகன் இருக்கானே."

"இருக்கான். அங்க இருக்கான்."

டூகல் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். முதல் இரண்டு துப்பாக்கி சுத்தம். மூன்றாவதில் பூட்டுக்கடியில் துரு, நாலாவதில் குழாய்வாயில். ஐந்தாவது அந்த லண்டன் துப்பாக்கி. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தான். பழைய ரேகை அப்படியே இருந்தது, இரும்பில் பள்ளமாகவே பதிந்துபோயிருந்தது. குறுக்கே ஒரு கோடு. ரேகையை இரண்டாக வெட்டின மாதிரி.

ஃபின்லேயின் வலது கட்டைவிரல் தழும்பு ஊருக்கே தெரியும். வாலிப வயதில் மானின் வயிற்றைக் கிழிக்கும்போது கத்தி வழுக்கினது.

"பெரியவரே, கட்டைவிரலைக் காட்டுங்க."

கிழவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "பாத்துட்டியா" என்றார்.

டூகல் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்கு சனிக்கிழமை. ஆத்துல உன் குதிரை விழுந்து எல்லாரும் வந்துசேர ராத்திரி பதினொண்ணு. நாலு துப்பாக்கி முடிச்சேன். அஞ்சாவதைக் கையில எடுக்கறேன், பன்னெண்டு அடிக்குது. ஓய்வுநாள் பொறந்துடுச்சு, வேலையைத் தொடக் கூடாது. ஈரத்தோட அப்படியே உறையில போட்டு வச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை முழுக்க சபையில உக்காந்து அதையேதான் நினைச்சேன். தொடல."

"திங்கட்கிழமை?"

"துரை கேட்டார். வாயில உன் பேரு வந்துச்சு."

"ஓய்வுநாளைக் காப்பாத்திட்டீங்க. பொய்ச்சாட்சி சொல்லாதேங்கறதும் அதே பத்துக் கட்டளையிலதான வருது?"

"வருது." கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டு, "எடின்பரோவுல துப்பாக்கி செய்யறவங்களுக்கு அனுப்பிச்சா அந்தத் தடத்தை எடுத்துத் தந்திருப்பாங்க. அனுப்பல. மனசு வரல" என்றார்.

டூகல் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். லாயத்தில் குதிரைகள் தீனிக்குக் கனைத்தன. அப்படியே போயிருந்தால் வெள்ளிக்கிழமை மேனேஜர் மீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். படியில், அவன் நின்று நின்று தேய்ந்த இடத்தில், கொஞ்சம் நின்றான். பிறகு திரும்பி வந்தான்.

"துப்பாக்கி என்ன பாவம் பண்ணிச்சு" என்றான், யாருக்கோ சொல்வதுபோல. "பழைய செப்புப் பென்னி இருக்கா?"

"இழுப்பறையில. எண்ணெய் தொட்டுத் தேய். அழுத்தாத."

"தெரியும்."

புதன், வியாழன் இரண்டு நாளும் டூகல் செப்புக்காசால் துருவைச் சுரண்டினான், பூச்சில் கீறல் விழாமல். ஃபின்லே தலையைச் சாய்த்துக் காசு உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் மாறினால் "போதும்" என்பார். வேறு பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை வந்த மேனேஜர் பெய்ர்டுக்கு முப்பது வயது இருக்கும். ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் பார்த்தார், தலையாட்டினார். ஐந்தாவதில் நின்றார்.

"இது பதிவேட்டுல இருக்கு. குதிரைக்காரன் கைபட்டதுன்னு எழுதியிருக்கு."

"தப்பு. என் கை" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார் ஃபின்லே. கட்டைவிரலை நீட்டினார், கொஞ்சம் தள்ளி, மேனேஜர் இல்லாத திசையில். "ஈரத்தோட வச்சது நான். பொய் சொன்னதும் நான். வீட்டை எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கங்க."

"நான் அப்ப பள்ளிக்கூடத்துல இருந்தேன்" என்றார் மேனேஜர். "இப்ப சுத்தமா இருக்கு. அது போதும்." நோட்டை மூடிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

வீடு தங்கியது. டூகலின் பேரில் இருந்த கறையும் போனது, கேட்க வேண்டிய காதெல்லாம் மண்ணுக்குள் போன பிறகு. துரை இல்லை, அந்த விருந்தாளிகள் இல்லை, சமையல்காரியும் இல்லை. சந்தோஷம் வரும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தான். லாயத்து மாடியில் தன் கட்டிலில் உட்கார்ந்தபோது வயிற்றில் கட்டியிருந்த கல்லை யாரோ எடுத்துக்கொண்டுபோன மாதிரி காலியாக இருந்தது. அவனுக்கும் சொல்லிச் சிரிக்க ஆள் கிடையாது.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பெண்மான் வேட்டை. துப்பாக்கி நனைந்து வரும் நாளெல்லாம் டூகல் உள்ளே போய்த் துடைத்தான். நனையாத நாளில் போகமாட்டான். போக ஒரு காரணம் வேண்டுமே. இவன் துடைப்பான், அவர் எண்ணெய் வாசனையை முகர்ந்து, "அதிகம் ஊத்திட்டே, குதிரைக்கு லாடம் அடிக்கறியா?" என்பார். "கண்ணு தெரியாதவருக்கு மூக்கு நீளம்" என்பான் இவன். வேலை முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். தேநீர் குடிக்கச் சொல்லி அவரும் கேட்டதில்லை.

பிப்ரவரியில், வேட்டைப் பருவம் முடிகிற வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபின்லே நாற்காலியிலேயே இறந்துபோயிருந்தார். கணப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மேஜைமேல் இரண்டு கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. கதவைத் தட்டித் திறந்து கண்டது டூகல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவது அங்கே வழக்கமில்லை. அதுவும் வேலையாள் வேலை இல்லாத நாளில். ஆனால் முந்தின சாயங்காலம் ஐந்து துப்பாக்கியையும் துடைத்து, வாய் கீழே பார்க்க நிறுத்திவிட்டு டூகல் தொப்பியை எடுத்தபோது, ஃபின்லே ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி சொன்னார்:

"நாளைக்கு ஞாயிறு. துடைக்க ஒண்ணும் இல்ல. இருந்தாலும் வா."