இருபத்தொரு பேர் வட்டமிட்ட விடை

எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக வைக்கும் தேர்வின் முடிவுத்தாளைக் கண்டாலே மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினெட்டு வருடமாகக் கரும்பலகையோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, கலர் கலராகக் கட்டம் போட்ட காகிதத்தின் மேல் என்ன மரியாதை இருக்கும்? அதைத் தூக்கிக்கொண்டு வரும் மேற்பார்வையாளருக்குச் 'சதவீதக்காரர்' என்று பெயர் வைத்ததே அவள்தான்.

அன்றைக்கு அவர் ஒரு சிவப்புக் கட்டத்தைப் பேனாவால் தட்டினார். "கழித்தல்ல உங்க பிள்ளைங்க படுமோசம் டீச்சர். தினம் அம்பது கணக்கு போடச் சொல்லுங்க, தானா வந்துடும்."

"கேள்வி என்னன்னு பார்த்தீங்களா சார்?"

"கேள்வி எதுக்கு? அதான் சதவீதம் இருக்கே!"

இந்த ஆளின் மூக்கை உடைக்க வேண்டும் என்பதற்காகவே அவள் விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பிரித்தாள். ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் எவ்வளவு? முப்பத்திரண்டு பிள்ளைகளில் இருபத்தொரு பேர் இருபத்தாறு என்பதை வட்டமிட்டிருந்தார்கள். காப்பியடித்திருப்பார்களோ? அடுத்தவர் தாளை எட்டிக்கூடப் பார்க்காத முன்வரிசைச் சிறுமியைக் கூப்பிட்டாள்.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

"ரெண்டைவிட எட்டு பெரிசு மிஸ். எட்டுல ரெண்டு போனா ஆறு. எப்பவும் பெரிசுலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தாள். பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று வருடா வருடம் சொல்லியிருந்தாள். முகத்தில் அறைந்தாற்போல இருந்தது.

மறுநாள் வகுப்பில், "நான் சொல்லிக்கொடுத்தது தப்பு" என்றாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, கழிக்க உதிரிக் குச்சி குறையும்போது ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னாள். ஒரு வாரம் வேறு பாடமே இல்லை. ஐம்பது கணக்குப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அடுத்த தேர்வில் இருபத்தெட்டு பேருக்குச் சரி.

"பார்த்தீங்களா, தினம் அம்பது கணக்கு போட்டா என்ன ஆகுதுன்னு!" என்று சதவீதக்காரர் ஆசிரியர் கூட்டத்தில் மார்தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். இவரிடம் வாயைக் கொடுப்பது தண்டம் என்று அவள் இருந்துவிட்டாள். ஆனால் வழக்கம்போல மனசுக்குள் சிரிக்கவும் முடியவில்லை. அவர் ஒரு கேள்வியைப் பார்க்கவில்லை. அவள் பதினெட்டு வருடமாக ஒன்றையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய பாடக்குறிப்புகளை எடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். 'பெருக்கினால் எண் எப்போதும் பெரிதாகும்' என்று மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது.