வளைகாப்பு டேப்

என் மனைவி இறந்தபோது மகள் நடக்கக்கூடப் பழகவில்லை. அவளுக்கு அம்மா என்றால் சுவரில் மாலை போட்ட ஒரு படம்தான். படித்து முடித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகு ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்: “அம்மா குரலு எப்படிப்பா இருக்கும்? என்னோடது மாதிரியா?”

“ஆமா” என்றேன். உண்மையில் எனக்கு நினைவில்லை. மனைவி பேசிய பேச்சு பலவும் நினைவிருக்கிறது. குரல் மட்டும் எப்போதோ போய்விட்டது. அதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் குரல் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மண்டபத்தில் வளைகாப்பு நடந்தபோது, என் அண்ணன் வீடியோ கேமராவில் பிடித்த சின்ன டேப். கேமரா கெட்டு, அண்ணன் அதைத் தூக்கிப் போட்டுப் பல வருடம் ஆகிறது. டேப்பை நான் அலமாரியில் அவள் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பெட்ரோல் நிலையத்தில் வேலை. கடைக்காரர்களிடம் பேசுவதென்றாலே எனக்கு நடுக்கம். நான் ஒன்று கேட்டால் அவர்கள் திருப்பி மூன்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இருந்தும், மகள் கேட்ட கேள்வி என்னை ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் வீடியோ கடைக்குப் போகவைத்தது. கடைக்காரர் நம் ஆள்தான். பாஸ்போர்ட் படம் எடுப்பார், கல்யாண வீடியோவும் எடுப்பார்.

“போலே லாண்ணே, முடியும். எங்கிட்ட இந்த டேப்பு ஓடுற கேமரா இன்னும் இருக்கு. அத ஓடவிட்டு, ஒயர் போட்டு கம்ப்யூட்டர்ல பிடிச்சிக்கலாம்” என்றார்.

பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். மகள் வேலைக்குப் போயிருந்த நேரம் அவள் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். படம் வெட்டி வெட்டி ஓடியது. வளையல் போட நீட்டிய கை பாதியில் காணாமல் போய், அடுத்த நொடி மடியில் கிடந்தது. மனைவி சிரிக்க ஆரம்பிப்பாள். சிரிப்பு வருவதற்குள் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் சத்தம் அவ்வளவு மோசமில்லை. கன்னத்தில் சந்தனத்தோடு, வயிற்றைத் தடவிக்கொண்டு அவள் பேசினாள்:

“பாப்பா, உங்கப்பாவ பாரு. கேமராவ கண்டா தூணுக்குப் பின்னால ஒளியுறாரு. நீயும் அவரு மாதிரி வாயத் தொறக்காம வந்துறாத லா. வரும்போதே நல்லா சத்தமா அழுவணும், தெரியுதா?”

கொஞ்சம் கரகரப்பான, முடியும் இடத்தில் மேலே ஏறுகிற குரல். அதுதான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அன்றே மகளிடம் காட்டியிருக்கலாம். ஆனால் தன் அம்மா அசைவதை அவள் முதன்முதலாகப் பார்க்கப்போகிறாள். சாவி கொடுத்த பொம்மை மாதிரி இழுத்து இழுத்து அசையும் அம்மாவையா காட்டுவது? சரிசெய்து காட்டலாம் என்று டேப்பையும் பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன்.

கடையில் கூட்டம். “கம்ப்யூட்டர் பழசுண்ணே, வேகம் பத்தல. நடுநடுவுல படத்த விட்டுட்டுப் போயிருச்சி. இப்ப வேற டிஸ்க்கு போட்டிருக்கேன். டேப்பும் பென்டிரைவும் இருக்கட்டும், மறுபடி பிடிச்சித் தர்றேன். வெண்ண மாதிரி ஓடும்” என்றார் கடைக்காரர். நான் என்னவோ சொன்னேன். பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, “அண்ணே, கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன். சாமிகிட்ட வேண்டிக்கிற மாதிரி முணுமுணுக்கிறீங்க” என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கடைக்காரர், “பாட்டு போட்டுரவாண்ணே?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

எங்கள் ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ வளைகாப்போ, வீடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பித்தான் கொடுப்பார். யார் என்ன பேசினார்கள் என்று யாரும் தேடுவதில்லை. பாட்டு இல்லாவிட்டால்தான் சண்டைக்கு வருவார்கள். இது எனக்கும் தெரியும். தொடக்கத்தில் மட்டும் பாட்டு வரும் என்று நினைத்தேனா, கடையை விட்டு வெளியே போனால் போதும் என்று நினைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

பென்டிரைவைத் திரும்ப வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். படம் உண்மையிலேயே வழுக்கிக்கொண்டு ஓடியது. வளையல்கள் ஒவ்வொன்றாகக் கையில் ஏறின. சிரிப்பு மெதுவாகத் தொடங்கி முழுதாக மலர்ந்தது. அவள் வயிற்றைத் தடவினாள், வாயைத் திறந்தாள். முதலிலிருந்து கடைசிவரை ஒரு காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா, அம்மா பேசுறது எங்க?” என்றாள் மகள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன்.

“அலாமா, பேச்சா வேணும்? ஒரே இரைச்சலா இருந்துச்சேன்னு எடுத்துட்டேண்ணே.”

“மொதல்ல பிடிச்சது?”

“பென்டிரைவ காலி பண்ணித்தானே புதுச போட்டேன். என் கம்ப்யூட்டர்லயும் வச்சிக்கிறதில்ல. பெரிய பெரிய ஃபைலு, இடம் பத்தாது.”

“டேப்பு?”

அவர் முகம் சுருங்கியது. “திருப்பிச் சுத்துறப்போ கேமரா தின்னுருச்சிண்ணே. கசங்கி அறுந்து போச்சி. படம்தான் வந்துருச்சேன்னு குப்பையில போட்டுட்டேன். பாட்டு போடவான்னு கேட்டேனே, நீங்களும் தலையாட்டுனீங்க...”

மறுபடியும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். சந்தைக்குப் பின்னால் இருக்கும் பெரிய குப்பைத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். மீன் கழிவும் அழுகிய கீரையும்தான் கிடந்தன.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீங்க கேட்டீங்கல்ல? அம்மா என்னா சொன்னாங்கன்னு சொல்லுங்கப்பா” என்று லேப்டாப்பில் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். அம்மா வாய் அசையும்போது நான் சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. ஆனால் என் வாயில் அது வேறு பேச்சாக இருந்தது. நான் தொடங்குமுன் படத்தில் அவள் அம்மா தொடங்கிவிட்டாள். அவள் உதடு மூடிய பிறகும் நான், “சத்தமா அழுவணும், தெரியுதா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் லேப்டாப்பை மூடினாள். “பரவால்லப்பா” என்று சொல்லிவிட்டு, வேலைச் சட்டையைத் துவைக்கப் போய்விட்டாள்.

மனைவியின் குரலைக் கேட்டு அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் அந்தக் குரலை நினைத்துப் பார்த்தால், அவள் உதடு அசைகிறது, பாட்டுதான் கேட்கிறது. மகள் அதன்பிறகு குரலைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.